தீயணைப்பு வீரரின் முன்னாள் மனைவி

விவாகரத்தான பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது என்பது ஒஸ்லோத் தமிழருக்குள் யாருமே சோதித்துப் பார்க்காத ஓர் உண்மை. கோவில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். புருசன் செத்தால் பெண்சாதிக்குப் பென்சன் வரும், பிரிந்து போனவளுக்கு என்ன வரும் என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான், நோய்ப் படுக்கையில் கிடந்த என் முன்னாள் கணவரை மறுபடியும் மணம் செய்யச் சம்மதித்தேன்.

அவர் ஒஸ்லோவில் தீயணைப்புப் படையில் வேலை செய்தவர். சின்ன வயதில் மாமனோடு நோர்வேக்கு வந்து, இங்கே படித்து, அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எட்டியும் பார்க்காத அந்த வேலையில் போய்ச் சேர்ந்தார். எஞ்சினியர், டொக்டர், கணக்காளர் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்கொள்ள ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லையா என்று என் வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இருபது வருடத்துக்குக் கிட்டச் சேர்ந்து வாழ்ந்தோம். ஒரு மகள். ஹொல்ம்லியாவில் தொடர்மாடியில் ஒரு வீடு. பிறகு ஒரு நாள் ஏதோ ஒரு வீட்டில் தீ. அந்த வீட்டுக்குள் யாரைக் கண்டார், யாரைத் தூக்க முடியாமல் போயிற்று என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பேச்சுக் குறைந்தது, குடி கூடியது. நான் பொறுத்துப் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கத்தினேன், அவருடைய உடுப்புப் பெட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்தேன், கடைசியில் விவாகரத்துக்கு விண்ணப்பித்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரொம்மனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார்.

போன பிறகும் வீட்டுக் கடனில் பாதியை மாதா மாதம் கட்டினார். சட்டம் அவரைக் கட்டச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கியும் புரட்டியும் தோள்மூட்டு இரண்டும் போய்விட்டன. முழுநேர வேலை அரைவாசியாகி, பிறகு கால்வாசியாகியிருந்தது. அவர் கட்டாவிட்டால் வீடு வங்கிக்குப் போகும், நானும் மகளும் நடுத்தெருவுக்குப் போவோம். இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வருவதைப் படித்துவிட்டு இவள் ஒரு காசுப் பேய் என்று நினைக்கப் போகிறவர்கள், இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பிரிந்து நாலைந்து வருடம் போனபின் அவருக்கு அந்த வருத்தம் வந்தது. எங்கள் ஆட்கள் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ‘அந்த வருத்தம்’ என்றுதான் சொல்வார்கள். ரொம்மன் அறையில் தனியே கிடந்து சத்தி எடுக்கிறார் என்று மகள் வந்து அழுதாள். போய்க் கூட்டிக்கொண்டு வந்து மகளின் அறையில் படுக்க வைத்தேன். மகள் வேறு நகரத்தில் படித்துக்கொண்டிருந்ததால் அந்த அறை சும்மாதான் கிடந்தது.

வைத்தியர் எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்தி வைத்து, ஒளிக்காமல் சொன்னார். நோயைக் கொஞ்சம் தாமதிக்கலாம், மாற்ற முடியாது. இந்தக் கோடையை எதிர்பார்க்கலாம், அதற்குப் பிறகு வரும் பனிக்காலத்தை எதிர்பார்க்க வேண்டாம். அவர் தலையை ஆட்டி, நோர்வேஜிய மொழியில் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டு, வைத்தியருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். லிப்டுக்குள் வந்ததும் தமிழில் என்னைப் பார்த்து, காருக்குப் பனிக்கால டயர் மாற்ற வேண்டும், பழையது தேய்ந்துவிட்டது என்றார். நானும் ஓமென்றேன். அன்றிலிருந்து அப்படித்தான். நோர்வேஜிய மொழியில் அவருக்குச் சாவு இருந்தது, தமிழில் இல்லை. பார்க்க வருபவர்கள் எல்லோரும் சுகமானதும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்றார்கள். அவரும் டிக்கெட் விலை கேட்டார். நோயாளிக்கு முன்னால் சாவைப் பற்றிப் பேசுவது எங்களுக்குள் நோயாளியைக் கொல்வதற்குச் சமம். நான் மட்டும் அதற்கு விதிவிலக்கில்லை.

மறுபடி கட்டுங்கள் என்ற பேச்சை எடுத்தவர் மச்சாள், அவருடைய அக்கா. லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு, நல்ல மனம், எதையும் பேஸ்புக்கில் போடாமல் விட முடியாத கை. தம்பி ஒரு குடும்பஸ்தனாக இருக்க வேண்டும், நாளைக்கு மகளுடைய கலியாண அழைப்பிதழில் தாய் தகப்பன் பெயர் சேர்ந்து வரவேண்டும் என்று அவர் சுற்றிச் சுற்றிப் பேசினார். அவர் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. செத்தவீட்டில் தம்பியின் தலைமாட்டில் இருந்து அழ ஒரு பெண்சாதி வேண்டும்.

நான் சம்மதித்தது அதற்காக இல்லை. என் முன்னாள் கணவர் ஒரு பின்னேரம் கட்டிலில் சாய்ந்திருந்தபடி, யாருக்கோ நடந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னதற்காக. தீயணைப்புக்காரருக்கு நல்ல பென்சன் இருக்கிறதாம். பிற்காலத்தில், கிழவனான பிறகு, அவருக்கு ஏதும் நடந்தால் பெண்சாதிக்கு அது போகுமாம். எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, முடித்து வைத்தால் என் வயதுபோன காலத்தில் எனக்கு உதவுமாம். இன்னும் முப்பது வருடம் கிடப்பதுபோலப் பேசினார். அவர் எனக்குக் கொடுக்க நினைத்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. குசினிக்குப் போய் அழுதுவிட்டு வந்து சரியென்றேன்.

மச்சாள் அன்றைக்கே சேலை பார்க்கத் தொடங்கிவிட்டார். திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்று. கோவில் ஐயரிடமும் பேசியாயிற்று. அந்த நேரம்தான் நான் பென்சன் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். உரிமை உண்டா இல்லையா என்று கேட்பதற்கு அல்ல. அது எனக்குத்தான் தெரியுமே. என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்கத்தான் எடுத்தேன்.

எடுத்தது ஓர் இளம் பெண். நிதானமான குரல். எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தோம், எப்போது பிரிந்தோம், பிரியும்போது எனக்கு என்ன வயது, பிறகு நான் யாரையும் கட்டினேனா என்று கேட்டு, கணினியில் ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு, விவாகரத்தாகியிருந்தாலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றாள். பத்து வருடத்துக்கு மேல் மனைவியாக இருந்திருக்கிறீர்கள், பிரியும்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டீர்கள், மறுமணம் செய்யவில்லை, ஆகவே ஒரு பங்கு உங்களுக்கு உண்டு. நான் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்ல வைத்துக் கேட்டேன். அப்போது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை. பிறகு, நாங்கள் அடுத்த மாதம் மறுபடி கலியாணம் செய்கிறோம், அப்படியென்றால் முழுவதும் வருமா என்று கேட்டேன்.

அவள் மறுபடி எதையோ தட்டினாள். கணவருக்கு ஏதாவது நோய் இருக்கிறதா என்று கேட்டாள். சொன்னேன். அவள் விதியைச் சொன்னாள். கலியாணம் செய்யும்போதே இருக்கிற, மனைவிக்கும் தெரிந்த ஒரு நோயினால் ஒரு வருடத்துக்குள் கணவர் இறந்தால், அந்த மனைவிக்குப் பென்சன் கிடையாது. மறுபடி கட்டிவிட்டால் நான் விவாகரத்தானவளும் இல்லை. பழைய இருபது வருடத்தைக் கணக்கில் எடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். எடுக்கலாமா என்று பார்ப்பார்கள், ஆனால் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, விண்ணப்பித்தால்தான் முடிவு தெரியும் என்றாள். எப்போது விண்ணப்பிக்கலாம் என்றேன். அவர் இறந்த பிறகு என்றாள். நான் என்ன செய்ய என்று கேட்டேன். அதைத் தான் சொல்லக்கூடாது, விதியை மட்டும்தான் சொல்லலாம் என்றாள். அவள் குரல் இளகித்தான் இருந்தது. நன்றியும் சொல்லாமல் போனை வைத்தேன்.

அதன் பிறகு வந்த கிழமைகளை எப்படித் தள்ளினேன் என்று தெரியவில்லை. கட்டினால் வீடு போகலாம். கட்டாவிட்டால், ஏன் கட்டவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால், நீங்கள் ஒரு வருடம் இருக்க மாட்டீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுக்கும்போதும், முதுகைத் துடைத்துவிடும்போதும், என் தலைக்குள் ஒரு வருடம் ஒரு வருடம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியர் சொன்னது பிழையாகி அவர் ஒரு வருடத்தைத் தாண்டிவிட மாட்டாரா என்று கும்பிட்டேன். தாண்டமாட்டார் என்று அவருடைய கணுக்கால் வீக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முதியோர் இல்லத்தில் அந்தக் கால்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாட்டுச் சொல்லத் தொடங்கினேன். பஞ்சாங்கத்தைக் கையாலும் தொடாத நான், மாதம் சரியில்லை என்றேன். மச்சாள் வேறொரு நாள் பார்த்துக்கொண்டு வந்தார். சேலை நிறம் பிடிக்கவில்லை என்றேன். மாற்றிக்கொண்டு வந்தார். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தாலியை மட்டும் கட்டுவோம், எழுத்து ஆறுதலாகப் பார்க்கலாம் என்று என் முன்னாள் கணவரிடம் சொன்னேன்.

அவர் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

“எழுத்து இல்லாமல் உமக்கு என்ன பிரயோசனம்? நான் உமக்காகத்தானே கேக்கிறன்,” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீர் இன்னும் என்னை மன்னிக்கேல்லை. அதுதான் விசயம்,” என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்தது எல்லாம் வெடித்தது. அந்த நேரம் அதை நோர்வேஜிய மொழியில் சொல்லியிருக்கலாம். கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும்.

“ஒரு வருசம் இருப்பன் எண்டு சொல்லுங்கோ,” என்றேன். “சொல்லுங்கோ. நாளைக்கே கையெழுத்துப் போடுறன்.”

சொன்ன பிறகு என் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தி என்ன பயன்? ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவர் திரும்பினார். ஒரு வருடம் என்றால் என்ன கணக்கு என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். வேலை இடத்தில் கேட்பதுபோல, தெளிவாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் அந்த மொழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகப் பெண் சொன்ன விதி, விவாகரத்தானவளுக்கு வருகிற பங்கு, வீட்டுக் கடன், என் தோள்மூட்டு. அவருடைய சாவுக்குப் பிறகு நான் எப்படி வாழ்வேன் என்று கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்து பேசினோம். இருபது வருடக் கலியாணத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை. கடைசியில் அவர் சிரித்தார். தன் வேலையில் எத்தனையோ பேரை உள்ளே போக வேண்டாம் என்று பிடித்து நிறுத்தியிருக்கிறாராம், தானே ஒருத்தியை உள்ளே தள்ளப் பார்த்தாராம்.

அப்படியென்றால் தாலியை மட்டும் கட்டுவோமே என்று நான் மறுபடி கேட்டேன். இந்த முறை அது சாட்டு இல்லை, எனக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. அவர் தமிழுக்கு வந்தார்.

“வேண்டாம். அக்கா படம் எடுத்துப் போடுவா. பிறகு ஒஸ்லோ முழுக்க நாங்கள் கலியாணம் கட்டினதெண்டு கிடக்கும், பென்சன் ஆக்களுக்கும் எட்டும். ஒரு பொறியும் விட்டு வைக்கக்கூடாது.”

மச்சாளுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். பென்சனுக்காக மாட்டேனென்றாள் என்று சனம் உம்மை வாழ்நாள் முழுக்கக் கதைக்கும் என்றார். தன்னைக் கதைத்தால் தனக்கென்ன என்றார். மச்சாளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், மகள் உட்பட ஒருவருக்கும் நான் வாய் திறக்கக்கூடாது என்றும் சொன்னார். படிக்கிற பிள்ளை, அத்தையிடம் ஒன்றையும் ஒளிக்கத் தெரியாதவள் என்றார்.

அடுத்த நாள் மச்சாள் சேலையோடும் தாலிக்கொடியோடும் வந்தார். நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது, கட்டிலில் கிடந்தவர் பேசிக்கொண்டிருந்தார்.

“அவ ஓம் எண்டவ அக்கா. நான்தான் மாட்டனெண்டனான். ஒருக்காக் கட்டிப் பட்டது போதும்.”

எனக்குத் தெரியும், எனக்காகத்தான் சொல்கிறார். தெரிந்தும் அது சுட்டது. மச்சாள் கெஞ்சினார், அழுதார், அவள் உன் பீ மூத்திரம் அள்ளுகிறாளே என்று திட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். போகும்போது மச்சாள் வாசலில் என் கன்னத்தைத் தடவினார். பிரிந்த நாளிலிருந்து என்னை ஒரு தடவைகூடத் தொட்டுப் பேசாத மனுசி. அவர் அன்று என்மேல் காட்டிய இரக்கத்தைத் தாங்க முடியாமல் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

கோடை முடியுமுன் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், ஆட்கள் வந்தால் விட்டுவிடுவேன். மனைவியை வேண்டாமென்றவர் அவளுடைய கையைப் பிடித்திருக்கலாமா? செத்தவீட்டில் மச்சாளின் மகன் கொள்ளி வைத்தான். அவருடைய வேலைத் தோழர்கள் சீருடையில் பெட்டியைத் தூக்கினார்கள். நான் பொட்டோடு பின்வரிசை ஒன்றில் இருந்தேன். பொட்டை அழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, வைத்திருக்க எனக்கும் மனமில்லை. பின்னால் இருந்த இரண்டு பெண்கள், இவ்வளவு பார்த்தும் அந்த மனுசன் சாகும்வரை மனம் இரங்கவில்லையாம், எவ்வளவு வெறுப்போ என்று பேசிக்கொண்டார்கள். எழும்பிப் போய் அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பென்சன் வந்தது. விண்ணப்பித்துச் சில மாதங்களில், விவாகரத்தான துணைக்குரிய பங்கு என்று வந்தது. வீடு தப்பியது, ஹொல்ம்லியாவில்தான் இப்போதும் இருக்கிறேன். இதைத் தமிழில் எழுதத் துணிந்ததற்குக் காரணம், மகள் தமிழ் கதைப்பாளே தவிர வாசிக்க மாட்டாள். மச்சாள் பேஸ்புக்கைத் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை. சொன்னால் என்ன என்று பல தடவை யோசித்தேன். அவர் அத்தனை பாடுபட்டு அணைத்ததை நானே கொளுத்துவதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எழுத வந்தது அவர் இறந்து முப்பத்தோராம் நாளைப் பற்றி. லோறென்ஸ்கூக்கில் மச்சாள் வீட்டில் கிரியைகள் நடந்தன. ஐயர் போனபிறகு மச்சாள் என்னை மேல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகளும் பின்னால் வந்து கதவடியில் நின்றாள். மச்சாள் என் இரண்டு கைகளையும் பிடித்தார். அழுது அழுது அவருடைய முகம் வீங்கியிருந்தது.

“பிள்ளை, என்ரை தம்பி உமக்குச் செய்தது பிழை. அப்பிடி ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டுப் போயிருக்கக் கூடாது. அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன். அவனை மன்னிச்சன் எண்டு ஒருக்கா வாய் திறந்து சொல்லும். இண்டைக்குச் சொன்னால்தான் அவன் நிம்மதியாப் போவான்.”

நான் மகளைப் பார்த்தேன். அவளும் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றாள். தகப்பன் தாயை அவமதித்துவிட்டுப் போனார் என்ற கோபத்தில் அவள் அன்று காலை பிண்டம் கரைக்கிற இடத்துக்குக்கூட வரவில்லை. நான் அந்த மனிதரின் காலில் விழுந்து கிடக்க வேண்டியவள். அவரை மன்னிக்க நான் யார்? மச்சாள் என் கைகளை விடவில்லை.

“மன்னிச்சிட்டன் மச்சாள்,” என்றேன்.

மச்சாள் என் தோளில் சாய்ந்து, நீர் பெரிய மனுசி என்று சொல்லிச் சொல்லி அழுதார். மகள் வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். அப்பாவை மன்னித்ததற்காக எனக்கு நன்றி சொன்னாள்.